ஜெயபாண்டியின் ஆறு பேட்டரிகள்

ஜெயபாண்டி பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். அதை நம்பி அவரிடம் துப்பாக்கிக் கதை கேட்கப் போனவர்கள் ஏமாந்துதான் திரும்பினார்கள். அவர் இருந்தது சிக்னல் பிரிவில். அவரிடம் உள்ளதெல்லாம் பேட்டரிக் கதைகள். லடாக்கில் ஒரு பனிமலை முகாமில், ரேடியோ பேட்டரியை வெளியே வைத்தால் விடிவதற்குள் விறைத்துப் போகும் என்று, நான்கு பேட்டரிகளைத் தன் தூக்கப் பைக்குள் போட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுப்பாராம்.

"கல்யாணம் முடிஞ்ச வருசம் நான் இவகூட இருந்த நாளைவிட பேட்டரிகூட இருந்த நாள்தான் சாஸ்தி" என்பார்.

"அங்ஙனயே இருந்திருக்க வேண்டியதுதான" என்று உள்ளேயிருந்து மனைவி கனகலட்சுமியின் குரல் வரும். சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். தறிச் சத்தத்தில் பழகிய குரல். தெருமுனை வரை கேட்கும்.

ஓய்வு பெற்று ராஜபாளையம் வந்ததும் எல்லா முன்னாள் பட்டாளத்தாரையும் போல அவரையும் மில் கேட்டில் காவலுக்குக் கூப்பிட்டார்கள். ஆறு மாதம் கேட்டைத் திறந்து மூடினார். கதவுக்குப் போய் என்ன சார்ஜ் ஏற்றுவது? மனிதர் வாடிப்போனார். அப்போதுதான் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் வெங்கடேஸ்வரி, மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். பறக்கவிட அவள் சென்னையில் படித்துவிட்டு வந்திருந்தாள். ஜீப்பை ஓட்டவும் பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும். பேட்டரி என்ற சொல்லைக் கேட்டதும் ஜெயபாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மொத்தம் ஆறு பேட்டரிகள். ஒவ்வொன்றும் ஆறு மாதக் குழந்தையின் கனம் இருக்கும். பனியில் அவற்றுக்குச் சூடு கொடுத்தவர், இங்கே சூட்டை இறக்க வேண்டியிருந்தது. பத்து நிமிஷம் பறந்துவிட்டு வருகிற பேட்டரி தொட முடியாமல் கொதிக்கும். கொதிக்கும்போது சார்ஜ் போட்டால் கெட்டுவிடும். ஆறவிட வேண்டும், ஆறியதும் போட வேண்டும், அதுவும் அடுத்த தோப்புக்குப் போகிற வழியிலேயே ஏற்றி முடிக்க வேண்டும். ஜீப்பின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு லாரி பேட்டரிகளும் இன்வெர்ட்டரும் வைத்து, அதன்மேல் சார்ஜர் பெட்டியைக் கட்டினார். ஒரு தடவைக்கு இரண்டு பேட்டரி ஏறும். கனகலட்சுமி தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கழிவுப் பேண்டேஜ் துணியைச் சுருள் சுருளாகப் பரப்பி, அந்த வெள்ளை மெத்தையில் ஆறையும் படுக்க வைப்பார். ஜீப் குலுங்கினாலும் அவற்றுக்கு அடிபடாது.

முதல் வருஷம் ஒரு தப்புச் செய்தார். பட்டாளத்தில் எல்லாம் எப்போதும் நிரம்பி நிற்க வேண்டும், தண்ணீர்க் குப்பியிலிருந்து தோட்டா வரைக்கும். அந்த வழக்கத்தில், மழையால் வேலையில்லாத பத்து நாளும் ஆறு பேட்டரியையும் முழுசாக ஏற்றி அடுக்கி வைத்தார். அவற்றில் இரண்டு, பணியாரம் மாதிரி உப்பிவிட்டன. அவற்றுக்குப் பதில் புதிதாக இரண்டு வாங்க வேண்டியதாயிற்று. சும்மா இருக்கும்போது பாதிதான் இருக்க வேண்டும் என்று வெங்கடேஸ்வரி விளக்கினாள். அன்று அவர் சோறு தின்னவில்லை. சாவுக்குக்கூட இப்படி இருக்கமாட்டார் என்று கனகலட்சுமி சொன்னது பொய்யில்லை.

இத்தனை கருத்தான மனிதர் ஒரு விஷயத்தை இரண்டு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல மறைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் கனகலட்சுமியின் வளையல் சத்தம் போனது. பிறகு செல்போன் மணி. பிறகு ஒருநாள் சார்ஜர் சிவப்பு காட்டிக்கொண்டு நின்றது, ஆனால் சத்தம் இல்லை. அது கெட்டுவிட்டதென்று கழற்றப் போனவரிடம், "பீப் பீப்னு உசிர எடுக்குதே சித்தப்பா, அமத்துங்க" என்று வெங்கடேஸ்வரி வந்து சொன்னபோதுதான் கெட்டது எது என்று அவருக்குப் புரிந்தது.

அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள்: "இது தீப்பெட்டி மாதிரி சித்தப்பா. கெட்டுப் போச்சுன்னா மொதல்ல சத்தந்தான் வரும். பொறவுதான் பொகை. சத்தம் கேட்ட ஒடனே வண்டிய நிறுத்திரணும்." சத்தம் கேட்காதவனிடம் யார் தீப்பெட்டியைக் கொடுப்பார்கள்? இந்த ஆறும் கையைவிட்டுப் போனால் மறுபடி மில் கேட்டுதான். அதனால் சலூன்காரரிடம் பழைய வட்டக் கண்ணாடி ஒன்றை வாங்கி, ஓட்டும்போது பின்னால் உள்ள சார்ஜர் விளக்கு தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டார். சார்ஜ் ஏறினால் பச்சை. எங்காவது விட்டுப்போனால் சிவப்பு. காது செய்கிற வேலையைக் கண்ணுக்குக் கொடுத்தார்.

மனிதர்களுக்கு விளக்கு இல்லையே. அவர்களிடம் தலையாட்டினார். காது மந்தமானவர்களில் சிலர் ஆங், ஆங் என்று கேட்டு எதிராளியின் உயிரை வாங்குவார்கள். ஜெயபாண்டி அந்த வகையில்லை. மெல்லச் சிரித்து, கண்ணை மூடித் திறந்து, இரண்டு தரம் தலையாட்டுவார். டீக்கடையில் பொன்னுராஜ் தன் பசு செத்த கதையைச் சொன்னபோதும் அப்படித்தான் சிரித்தபடி ஆட்டினார். பொன்னுராஜ் அன்றிலிருந்து பேச்சை நிறுத்திக்கொண்டான். மற்றவர்களுக்கு அவர்மேல் மரியாதை கூடியது. எதைச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்கிற மனிதர் என்று பேராகிவிட்டது.

வெங்கடேஸ்வரிதான் அதிகம் பேசினாள். ஜீப்பில் இடது பக்கம் உட்கார்ந்து, வெளியே மலையைப் பார்த்தபடி, தனக்குத்தானே பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பேசுவாள். அவருக்கு முற்றும் போனது இடது காது. அவளுடைய உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரியும். தலையாட்டுவார்.

இது நடந்தது மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மாமரம் பூத்திருக்கிற காலம். பூவில் தத்துப்பூச்சி விழுந்தால் சாறை உறிஞ்சி அத்தனை பூவையும் கருக்கிவிடும். மம்சாபுரம் பக்கம் ஒரு தோப்பில் விடியற்காலமே தெளித்து முடித்தார்கள். நான்கு பேட்டரி தீர்ந்தது. அடுத்தது தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் வெள்ளத்தாய் என்ற அம்மாள் குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பு. அதை முடிக்க நான்கு வேண்டும். கையில் நிரம்பியது இரண்டு. மலைக்காற்று பதினோரு மணிக்கு இறங்கிவிடும், இறங்கினால் மருந்து மரத்தில் நிற்காது. வழியில் இன்னும் இரண்டை ஏற்றிவிட்டால் கணக்கு சரி.

தோப்பை முன்னதாகப் பார்த்து வைக்க வெள்ளத்தாயின் காரில் வெங்கடேஸ்வரி கிளம்பிவிட்டாள். ஜெயபாண்டி முதல் தடவையாகத் தனியாக வந்தார்.

சேத்தூர் தாண்டும்வரை பேட்டரிகளைக் காற்றில் ஆறவிட்டார். தேவதானத்தில் தார் ரோடு முடிகிற இடத்து டீக்கடையில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்த்து, இரண்டைச் சார்ஜரில் மாட்டினார். பச்சை விழுந்தது. அதற்கப்புறம் ஐந்து கிலோமீட்டர் கல் பாதை. உருண்டைப் பாறையும் வறண்ட ஓடையுமாக, ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் பேட்டரிகளுக்கு வேண்டியதும்.

முதல் ஓடையில் ஜீப் குதித்தபோது ஒரு கனெக்டர் தளர்ந்து விட்டுப்போய், இரண்டுக்கும் சார்ஜ் நின்றுவிட்டது. அவருக்குத் தெரியாது. புழுதி எழுந்து வட்டக் கண்ணாடியில் படிந்தது. அதில் மங்கலாக ஒரு பச்சை தெரிந்தது. சரி, ஏறுகிறது என்று ஓட்டினார்.

அந்தப் பச்சை விளக்கில்லை. அன்று காலையில் கனகலட்சுமி எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கண்ணேறுக்குக் கட்டியிருந்தார். எல்லாரும் வண்டியின் முன்னால் கட்டுவார்கள். கனகலட்சுமியின் நியாயமே வேறு. "சம்பாதிக்கது பொட்டிதான? கண்ணு அதுமேலதான் படும்" என்று சார்ஜர் பெட்டியின் கைப்பிடியிலேயே கட்டிவிட்டார். வெயில் பட்டு மிளகாய் பளபளத்துக்கொண்டே வந்தது.

ஜெயபாண்டிக்கு அந்தப் பாதை பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு. பூவாசம் ஜீப்புக்குள் நிறைந்திருந்தது. மேலே மலையின் பாதி நீலம், பாதி மேகம். குலுங்கக் குலுங்க அவருக்குக் கண் சொருகுவதுபோல ஒரு மயக்கம் வந்தது. காது போனபிறகு உலகம் இப்படித்தான் ஆகியிருந்தது. எல்லாம் தூரத்தில், பஞ்சுக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல. பனிமலையிலும் இதே அமைதிதான். பனி விழும்போது சத்தமே இருக்காது. வெள்ளை வெள்ளையாக இறங்கி முகாமை மூடும், அவர் உள்ளே நான்கு பேட்டரிகளின் கதகதப்போடு படுத்திருப்பார். இந்த வெயிலில் மாம்பூ உதிர்வதைப் பார்த்தால் அந்தப் பனியேதான் மஞ்சளாகி விழுகிறது என்று தோன்றியது. அவர் அதை நம்பக்கூடச் செய்தார், கொஞ்ச தூரம்.

ஒரே ஒரு குறை. இந்த அடிவாரத்தில் மாசி, பங்குனியில் சில்வண்டுகள் காட்டையே அறுப்பதுபோலக் கத்தும். இரண்டு வருஷமாக ஒன்றையும் காணோம். நாம் அடிக்கிற மருந்தில்தான் செத்துவிட்டன என்று அவருக்கு உள்ளூர உறுத்தல். தோப்புக்காரர்களிடம் மருந்தைக் குறைத்து ஊற்றுங்கள் என்று கெஞ்சுவார். ஆண்டாள் சந்நிதியில் நின்று இதற்காக மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கிறார்.

தோப்பு வாசலில் ஜீப் நின்றபோது வெங்கடேஸ்வரி ஓடி வந்தாள். பின்கதவைத் திறந்து கனெக்டரைப் பிடுங்கினாள். அப்புறம் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இது எம்புட்டு நேரமாக் கத்துது சித்தப்பா?"

அவள் முகத்திலிருந்துதான் கேள்வியைப் புரிந்துகொண்டார். "இப்பத்தான் தாயி. இந்தத் திருப்பத்துல."

"நீங்க இந்தக் கடைசி ஓடைக்கு அந்தப் பக்கம் வரும்போதே எனக்கு இங்க கேட்டுது. ரெண்டும் ஏறவே இல்ல. தொடங்குன எடத்துலயே நிக்குது."

ஜெயபாண்டி பேட்டரிகளைப் பார்த்தார். மிளகாயைப் பார்த்தார். விஷயம் புரிந்துபோனது. ஏதாவது பேசி அந்த நிமிஷத்தைத் தாண்டிவிட வேண்டும் என்ற பதற்றத்தில், வாயில் வந்ததைச் சொன்னார்.

"காடு எம்புட்டு அமைதியா இருக்கு பாரு தாயி. ஒரு சில்வண்டு இல்ல."

வெங்கடேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வந்து, அவருடைய தோளைத் தொட்டு, வலது காதருகே சொன்னாள்.

"சில்வண்டுச் சத்தத்துல நான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன் சித்தப்பா."

அவர் அண்ணாந்து மரங்களைப் பார்த்தார். ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். எல்லாம் இருந்திருக்கின்றன. இரண்டு வருஷமும் இருந்திருக்கின்றன. ஒன்றும் சாகவில்லை. முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். கண் நிறைந்துவிட்டது. அதற்கப்புறம்தான் தன்னைப் பற்றிய நினைப்பே வந்தது.

"நான் நின்னுக்கிடுதேன் தாயி. நீ வேற ஆளு பாத்துக்க" என்றார்.

அவள் நிரம்பிய இரண்டு பேட்டரிகளையும் தூக்கிக்கொண்டு போனாள். பாதித் தோப்பு முடிந்தது. பிறகு காற்று இறங்கிவிட்டது. வெள்ளத்தாய் பெருந்தன்மையான அம்மாள். "சாயங்காலம் காத்து அமந்துரும். அதுக்குள்ள ஏத்திருவிகள்லா?" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு, கூலியாட்களைப் பார்க்கப் போய்விட்டார்.

நீண்ட மத்தியானம். ஜீப்பை மர நிழலில் ஒதுக்கி, இரண்டிரண்டாகப் பேட்டரிகளைப் போட்டு, ஜெயபாண்டி சார்ஜரின் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாற்பது, நாற்பத்தொன்று என்று சார்ஜரில் சதவீத எண்கள் ஏறின. கடைசித் தடவையாக ஏற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டார். மேலே பூ உதிர்ந்து பேண்டேஜ் துணியில் விழுந்தது. பொறுக்கிப் பொறுக்கி எடுத்துவிட்டார்.

வெங்கடேஸ்வரி வந்து, சுற்றிக்கொண்டு போய், அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள்.

"எப்பருந்து?"

"ரெண்டு வருசம். இடது சுத்தமா இல்ல. வலதுல பாதி."

"தீப்பிடிச்சிருந்தா?"

"தப்புத்தான்" என்றார்.

அவள் துணியில் விழுந்த பூ ஒன்றைப் பொறுக்கினாள். அவளுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். சட்டென்று திரும்பினாள்.

"வண்டியில நான் இடது பக்கந்தான உக்காருதேன். அப்ப போன வைகாசியில, பிளவக்கல்லுல இருந்து வரும்போது, நான் பேசுனது?"

"எது தாயி?"

"ஒண்ணுமே கேக்கலையா?"

ஜெயபாண்டி தலை குனிந்தார். "நீ அழுதது ஓரக்கண்ணுல தெரிஞ்சுது. என்னன்னு கேக்கணும்னுதான் இருந்துச்சு. கேட்டா, எனக்குக் காது கேக்கலைன்னு ஆயிருமேன்னு பயந்துட்டேன். தலைய ஆட்டுனேன்."

அப்போது அவள் தளவாய்புரத்தில் புருஷன் வீட்டில் இருந்தாள். அடி, உதை என்று வெளியே சொல்கிற மாதிரி ஒன்றுமில்லை. ஒரு வீட்டுக்குள் ஒருத்தியை ஆளில்லாததுபோல நடத்துவதற்குக் காயம் தேவையில்லை. ஒன்பது வருஷம் அப்படிப் போனது. அன்று ஜீப்பில் அத்தனையும் சொல்லி முடித்து, கடைசியில், "நான் அந்த வீட்டவிட்டு வந்துரட்டுமா சித்தப்பா?" என்று கேட்டிருந்தாள். அவர் கண்ணை மூடித் திறந்து, மெல்லச் சிரித்து, இரண்டு தரம் தலையாட்டியிருந்தார். மூன்றாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள். பெட்டிகளை அதே ஜீப்பில் ஏற்றி வந்ததும் ஜெயபாண்டிதான்.

அதையெல்லாம் அவள் இப்போது ஒவ்வொரு சொல்லாக, அவருடைய நல்ல காதில் சொன்னாள். அவர் முகம் வெளிறிப் போயிற்று. அந்த நாட்களில் அவர் கனகலட்சுமியிடம், "வாழுற புள்ளைக்கு எவனோ தூபம் போட்டுவிட்டுருக்கான். அவன் மட்டும் கையில கெடைச்சான்னா" என்று பல்லைக் கடித்தது ஞாபகம் வந்தது.

"ஐயோ தாயி" என்றார். "கேக்காமப் போயி ஆட்டிப்புட்டேனே. எம்புட்டுப் பெரிய காரியம். நீ வேற யாருட்டயாவது கேட்டிருக்கப்படாதா?"

"கேட்டேனே" என்றாள் வெங்கடேஸ்வரி. "அப்பாட்ட கேட்டேன், அண்ணன்ட்ட கேட்டேன், மாமியாட்டகூட கேட்டேன். எல்லாஞ்சேத்து அஞ்சு பேரு சித்தப்பா. அஞ்சு பேருக்கும் காது நல்லாக் கேக்கும். ஒருத்தரும் தலைய ஆட்டலை."

ஜெயபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார். சார்ஜரில் எண் தொண்ணூறைத் தாண்டியது. அவள் எழுந்து, ஜீப்பின் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். வேலை போயிற்று என்று நினைத்தார்.

வெயில் தணிந்தது. மலை நிழல் தோப்பின்மேல் விழுந்தது, காற்று அமர்ந்தது. மீதித் தோப்பின்மேல் ட்ரோன் தாழ்ந்து போனது. இறக்கைகள் கிளப்பிய காற்றில் பூங்கொத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. அவருக்கு அது சத்தமில்லாமல் நடந்தது. இறங்கிய பேட்டரிகளை வாங்கித் துணியில் சுற்றிப் படுக்க வைத்தார்.

எல்லாம் கட்டி முடித்ததும் வெங்கடேஸ்வரி ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே ஏறாமல், தோப்பைப் பார்த்தபடி, வழக்கம்போலத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

பழக்கம் பொல்லாதது. ஜெயபாண்டிக்கு முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. தலையும் அசையத் தொடங்கியது. அவர் அதை நிறுத்தினார். இரண்டு வருஷத்தில் ஒருவரிடமும் சொல்லாத ஒரு சொல்லைச் சொல்ல, தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

"கேக்கலை தாயி. இன்னொரு தடவ சொல்லு."

அவள் முழுசாக அவர் பக்கம் திரும்பி, தோப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"கல் பாதையில நான் ஓட்டுதேன். நீங்க பின்னால பேட்டரிகிட்ட உக்காருங்க. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு வந்துருங்க."